பதினேழுக்கு ஒரு நீலப் பக்கம்

வறுத்த வேர்க்கடலையின் வாசனை எந்தக் கவலையையும் ஓர் ஐந்து நிமிஷம் தள்ளிப்போடும். என்னைப் போன்றவளுக்கு அந்த ஐந்து நிமிஷம் பெரிய விஷயம். அன்றைக்குப் பெங்களூரில் மகளைப் பார்த்துவிட்டுப் பகல் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏறியதிலிருந்து ஒரே யோசனை. காலையில் கேஸை அடைத்தேனா, கடையின் பின்கதவுக்குத் தாழ் போட்டேனா, மகள் முகம் வாடியிருந்ததே, அது வெறும் தூக்கக் குறைவுதானா. பங்காருப்பேட்டையில் கடலைக்காரர் ஏறினார். கூடையின் நடுவில் ஒரு சின்ன மண்சட்டியில் தணல். பெட்டி முழுக்க வாசனை பரவியதும் நானும் கையை நீட்டிவிட்டேன்.

கடலையைத் தின்று முடிக்கும் முன்பே பொட்டலத்தைப் படித்துவிடுவது என் பழக்கம். பத்தாவதைப் பாதியில் விட்டவளுக்கு மேல்படிப்பெல்லாம் பொட்டலக் காகிதத்தில்தான். பாதிச் சமையல் குறிப்பு, பாதிக் கொலை வழக்கு, பாதி ராசிபலன். அதனால் என் பொது அறிவும் பாதிதான். மீதியை நானே பயந்து பயந்து நிரப்பிக்கொள்வேன்.

அன்றைய பொட்டலம் ரோஸ் நிறம். வழுவழுப்பான தாள். மேல் மூலையில் பென்சிலில் 9 என்று ஓர் எண். அதன் கீழே ஊதா மசியில் குண்டு குண்டாக, "அன்புத் தோழி சங்குக்கு, உன் குரல் என்றும் என் காதில் ஒலிக்கும். இப்படிக்கு லலிதா, 10 பி." வாய்க்குப் போன கடலை பாதி வழியில் நின்றது. லலிதாவின் 'ல' எனக்குத் தெரியும். நத்தை மாதிரிச் சுருட்டுவாள். 10 பி என் வகுப்பு. பாதியில் விட்டேன் என்று சொன்னேனே, அதேதான்.

கடலைக்காரர் அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் ஓடிப் பிடித்தேன்.

"அண்ணே, இந்தக் காயிதம் எங்க கிடைச்சிது?"

"இன்னாக்கா, உப்பு ஜாஸ்தியா?"

உப்பு சரியாக இருக்கிறது, காகிதம்தான் வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு ஸ்டேஷன் ஆகியிருக்கும். கூடைக்கு அடியிலிருந்து ஓர் ஆட்டோகிராப் புத்தகத்தை உருவி எடுத்தார். கையகல அட்டை, அதில் பறக்கும் இரண்டு வாத்துகள், ரோஸ், மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறி மாறி வரும் தாள்கள். ராபர்ட்சன்பேட்டை பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கினதாம். கலர் காகிதம் என்றால் ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம் என்றார். இதுவரை ஆறு தாள் கிழித்தாயிற்றாம். நான் அன்றைய செய்தித்தாளையும், வாங்கி இன்னும் பிரிக்காத ஒரு வாரப் பத்திரிகையையும் கொடுத்தேன். பத்திரிகையைப் புரட்டிப் பார்த்து, மிச்சத் தாளுக்கு இது தாராளம் என்கிற முகத்தோடு புத்தகத்தை நீட்டினார்.

"உங்களுதாக்கா?"

"இல்லண்ணே. யாருதுன்னுதான் பாக்கணும்."

கிழித்த ஆறில் ஒன்று என் கையில். மீதி ஐந்தைத் தேடிப் பெட்டியில் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். என்னைப் பார்த்து இரண்டு பேர் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் ஒருவர் அப்போதுதான் ஒரு மஞ்சள் பொட்டலத்தைக் கசக்கி வெளியே விட்டார். தண்டவாளத்தோரப் புல்லில் அது ஆவாரம்பூ மாதிரிப் போய் விழுந்தது. சங்கிலியைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட நினைத்தேன். அபராதத்துக்குப் பயந்து விட்டேன். கடைசியில் ஒரு சின்னப் பெண் பச்சைப் பொட்டலம் ஒன்றை வைத்திருந்தாள். கடலையைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு, தாளை ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்தாள். ஆறில் இரண்டு தேறியது. நாலு போச்சு.

வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராகக் கடைக்கு வந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். (பின்கதவில் தாழ் போட்டுத்தான் இருந்தது.)

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் பேரைவிட நம்பருக்குத்தான் மரியாதை. தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு டோக்கன் நம்பர் உண்டு. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். ஒரு ஆணி காலியாக இருந்தால் யாரோ இன்னும் கீழே இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவரை ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அந்த அப்பாக்களுக்குப் பிறந்த நாங்களும் வகுப்பில் ஒருவரையொருவர் ரோல் நம்பரால்தான் கூப்பிட்டுக்கொண்டோம். என் அப்பாவுக்குச் சுரங்கம் இல்லை, நோட்டுப் புத்தகக் கடைதான். இருந்தும் நான் பதினேழு. கடைவீதியில் யாராவது 'பதினேழு' என்று சொன்னால் இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் அது வெங்காய விலையாக இருக்கும்.

10 பி-யின் வருகைப் பட்டியலை இப்போதும் நான் பார்க்காமல் சொல்வேன். அல்ஜீப்ரா போய்விட்டது, அக்பரின் பிள்ளை யார் என்பதும் போய்விட்டது, இது மட்டும் தங்கிவிட்டது. ஒன்று முதல் இருபது வரை பெண்கள், மீதி பையன்கள், மொத்தம் நாற்பத்திரண்டு. ஆறு ஸ்டெல்லா; அவள் 'ப்ரெசென்ட் சார்' என்றால் பக்கத்து வகுப்பில் ஒருத்தி எழுந்து நிற்பாள். பதின்மூன்று கஸ்தூரி, அவள் சொல்வது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும்தான் கேட்கும். சார் காதில் விழாமல் அவளுக்கு ஆப்சென்ட் விழுந்துவிடப் போகிறதே என்று எனக்குப் பயம். 'பதிமூணு வந்திருக்கா சார்' என்று நானே சொல்லிவிடுவேன். அவளுக்கு இல்லாத கவலை எனக்கு. இப்படித்தான் பிறந்தேன், என்ன செய்ய.

புத்தகத்தின் சொந்தக்காரி யாரோ, ஒழுங்கானவள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் நம்பர் போட்டு, இந்தப் பக்கம் இன்னாருக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறாள். தன் பேரை எங்கும் எழுதவில்லை. ஆட்டோகிராப்பில் அதுதானே வழக்கம், எழுதுகிறவர்கள் பேர்தான் இருக்கும். ஆனால் தனக்குத்தானே யாரும் பக்கம் ஒதுக்கிக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் எந்த நம்பர் இல்லையோ அவள்தான் சொந்தக்காரி. பத்தாவது பெயிலாகக்கூட வாய்ப்புக் கிடைக்காதவளுக்கு இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று நானே வியந்துகொண்டு தாள்களை எண்ணினேன். இல்லாதவை ஐந்து. ஆறு, பதின்மூன்று, இருபத்தைந்து, முப்பத்தொன்று, நாற்பது. நாலு கடலையோடு போனவை, ஒன்று அவள். எல்லாரும் 'தோழி' என்று எழுதியிருப்பதால் பையன்கள் மூவரும் தள்ளுபடி. மிச்சம் ஸ்டெல்லாவும் கஸ்தூரியும்.

'சங்கு' என்று பட்டப்பேர். சுரங்கத்துச் சங்கு ஊதினால் பேத்தமங்களா ஏரி வரை கேட்கும் என்பார்கள். 'உன் குரல் என்றும் ஒலிக்கும்' என்று லலிதா வேறு எழுதியிருக்கிறாள். ஸ்டெல்லா இல்லாமல் வேறு யார் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நீலப் பக்கத்தைப் பார்த்தேன். மேலே பென்சிலில் 17. கீழே ஒன்றுமில்லை. வெற்றுத் தாள்.

அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் வந்து, நின்று, போயே விட்டார். புத்தகம் வாங்கும் காலத்துக்கு முன்பே நான் வகுப்பிலிருந்து நின்றுவிட்டேன். பட்டியலிலேயே இல்லாத எனக்கு ஒருத்தி பக்கம் ஒதுக்கி, கடைசிவரை அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். யார், எதற்கு? என்னைத் தேடினாளா, என்மேல் ஏதாவது மனத்தாங்கலா? புத்தகத்தைச் சேர்ப்பிக்க வேண்டும் என்று வெளியில் சொல்லிக்கொண்டேனே தவிர, எனக்கு வேண்டியிருந்தது இதற்குப் பதில்தான்.

நான் நின்ற கதை பெரிதொன்றுமில்லை. அந்த வருஷம் அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். இரண்டு கண்ணுக்கும் முன்னால் ஒரு பச்சைத் துணி தொங்கும். கடையில் யாராவது கூட இருக்க வேண்டும். "மூணே மாசம்மா, கட்டு பிரிச்சதும் நீ போய் பெஞ்சில குந்திக்க" என்றார். மூன்று மாசத்தில் அவர் கண் தெளிந்தது. அதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் எழுதலாம் என்றார்கள். அந்த அடுத்த வருஷத்தை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன்.

ஊரிலேயே ஆட்டோகிராப் புத்தகம் அதிகம் விற்ற கடை எங்களுடையது. பரீட்சைக்கு முந்தைய மாதம் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் அந்தக் கலர் தாள்களிலிருந்து பசையும் பவுடரும் கலந்தமாதிரி ஒரு வாசம் வரும். அப்பா எந்தப் புத்தகத்தையும் சும்மா கொடுக்கமாட்டார். முதல் தாளின் மேலே பென்சிலால் ஒரு குறி போட்டுத்தான் கொடுப்பார். எங்களவர்களுக்குப் பிள்ளையார் சுழி, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சின்னச் சிலுவை, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பிறை. "இன்னா போடட்டும்?" என்று கேட்டுத்தான் போடுவார். ஒரு யூனியன்காரர் மகன், எதுவும் வேண்டாம், எங்க வீட்டில் சாமி கிடையாது என்றான். அப்பா ஒரு நிமிஷம் யோசித்து ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை வெறுமனே போகக் கூடாதாம். கண்ணில் துணி தொங்கியபோதும் அவர் அதை விடவில்லை. தடவிப் பார்த்துப் போடுவார், கோணலாக விழும்.

என் வகுப்புப் பிள்ளைகள் வாங்க வரும்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். மேஜைக்கு அடியில். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். தெருமுனையில் யூனிபார்ம் தெரிந்தால் போதும், குனிந்துவிடுவேன். மசிப்புட்டி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஆள் குந்த இடம் இருந்தது. 'எப்ப வருவ?' என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம். பள்ளிக்கூடம் நின்ற பிறகும் அம்மா பழக்கத்தில் இரட்டை ஜடை போட்டு அதே பச்சை ரிப்பனைக் கட்டிவிடுவாள். அதைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று இன்னொரு பயம். வந்தவர்கள் போனதும் அப்பா, "எலி வெளிய வரலாம்" என்பார். அவர் ஒரு நாளும் என்னை வற்புறுத்தியதில்லை. துணிக்குப் பின்னால் அவர் கண் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே ஊரிகத்துக்குப் போனேன். ஸ்டெல்லா தன் அம்மா வீடு இருக்கும் சுரங்கத்துக் குடியிருப்பு லைனிலேயே இருக்கிறாள்; தையல் வேலை. நான் வாசலில் நின்றதும் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே லைன் முழுக்கக் கேட்கும்படி வரவேற்றாள்.

"இன்னாடி பதினேழு, கடைய விட்டு வெளிய வந்துட்ட? மழதான் வரப்போவுது."

புத்தகத்தை நீட்டி, இது உன்னுதுதானே என்றேன். முதல் பக்கத்தைப் பார்த்தாள். உடனே மூடினாள்.

"உங்கப்பா எனக்கு சிலுவ இல்ல போட்டு குடுத்தாரு? இதுல சுழி கீது பாரு, கோணலா."

கடைக்காரர் மகள் நான். இருபது வருஷம் அப்பாவோடு நின்று அதே குறிகளை நானும் போட்டிருக்கிறேன். அது எனக்குத் தோன்றவில்லை. ஸ்டெல்லா பீரோவுக்குள் கையை விட்டுத் தன் புத்தகத்தையே எடுத்துக் காட்டினாள், சாய்ந்த சிலுவை. அவள் புத்தகத்தில் எனக்குப் பக்கம் இல்லை. கேட்கவே வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கேட்டுவிட்டேன். "எங்களக் கண்டா ஓடி ஒளிஞ்ச. உனக்கு எதுக்குடி பக்கம்?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"அப்ப சங்கு யாரு?"

"கஸ்தூரிடி. வேற யாரு."

பிறகு அவள் சொன்னதை நான் மிஷின் மேலிருந்த நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நான் நின்றதும் கஸ்தூரிக்காகப் பதில் சொல்ல ஆளில்லை. அவள் சொல்வது சார் காதில் விழவில்லை. நாள் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தவளுக்குப் பதினைந்து நாள் ஆப்சென்ட். விஷயம் தெரிந்தபோது சார், உனக்கென்று சுரங்கத்துச் சங்கைத்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று திட்டியிருக்கிறார். அன்றையிலிருந்து அந்தப் பேர். வகுப்பே சிரித்துக்கொண்டு அதை எழுதியிருக்கிறது. வாழ்க்கையில் நான் பயந்தவற்றில் முக்கால்வாசி நடந்ததே இல்லை. இது நடந்திருக்கிறது, என்னால், எனக்குத் தெரியாமல்.

கஸ்தூரி பேத்தமங்களாவில் இருக்கிறாள், ஏரிக்கரை ரோட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள் என்றாள் ஸ்டெல்லா. அரை மணி நேர பஸ். நான் போக ஒன்பது நாள் ஆயிற்று. பஸ் ஸ்டாண்டு வரை போய் இரண்டு முறை திரும்பினேன். அந்த வெற்றுப் பக்கத்துக்கு இப்போது ஓர் அர்த்தம் தெரிந்ததுபோல் இருந்தது. திட்டுவதற்காக வைத்த பக்கமாக இருக்கலாம். 'நீ போனதால் எனக்கு இப்படி ஆயிற்று' என்று முகத்துக்கு நேரே சொல்லி, கையெழுத்துப் போடு என்று நீட்ட நினைத்திருக்கலாம். கடைசியில் புத்தகம் கையை உறுத்த ஆரம்பித்ததால் போனேன்.

ஏரியைப் பார்த்த வீடு. உள்ளே நுழைந்ததும் வெளியே தூறல் போடுகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். வெயில்தான். அடுக்கடுக்கான தட்டுகளில் ஆயிரக்கணக்கில் பட்டுப்புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்தன, அந்தச் சத்தம். தட்டுகளுக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. மடியில் மல்பெரி இலைகளோடு ஒருத்தி எழுந்து வந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பதினேழு" என்றாள்.

அத்தனை மழைச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். ஓடுகிற ரயிலில் காப்பாற்றிய கதையைச் சொல்ல வாய் துடித்தது. அவள் அட்டையைத் தடவினாள், ஆனால் நான் எதிர்பார்த்த ஆச்சரியம் முகத்தில் இல்லை.

"இத நான்தான் போட்டேன்."

புழுத்தட்டுக்கு விரித்த தாள்களையெல்லாம் பேப்பர்காரரிடம் போடும்போது இதையும் சேர்த்துப் போட்டாளாம். பெண் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்களாம், அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருந்ததாம். எழுதினது எல்லாம் மனப்பாடம், அப்புறம் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்றாள். நான் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்ததற்காக மரியாதைக்குக்கூட வருத்தப்படவில்லை. எனக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. தைரியம் வந்து, ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டேன்.

"ஆப்சென்ட் விழுந்துச்சாமே."

"விழுந்துச்சி. எங்கப்பா பேக்டரில லீவு போட்டு வந்து பேசினாரு. அப்பறம் சார் கைய தூக்க சொன்னாரு, தூக்கினேன். முடிஞ்சிது."

இதைச் சொல்ல முப்பது வருஷம் ஆகியிருக்க வேண்டுமா என்பதுபோல் ஓர் இலையைக் கிள்ளித் தட்டில் போட்டாள். நான் நீலப் பக்கத்தைப் பிரித்து, அப்போ இது எதற்கு என்று கேட்டேன். என்னைத் திட்டவா?

அவள் சிரித்தாள். சிரிப்பும் சன்னம்தான், தோள்தான் குலுங்கும்.

"சார் உன் பேர செவப்பு மசில அடிச்சிட்டாரு. பதினாறுக்கு அப்பறம் நேரா பதினெட்டு. எனக்கு அந்த எடத்துல தெனமும் ஒரு வாட்டி திக்குனு இருக்கும். என் புக்குல நான் அடிக்கல. அவ்ளோதான்."

பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "மூணு நாளு உங்க கடைக்கு வந்தேன், இத எடுத்துனு. அவ இல்லியான்னு கேட்டேன். உங்கப்பாவுக்குக் கேக்கல. அவரா ஒரு ரப்பர எடுத்து வெச்சாரு. மூணு நாளும் ரப்பர் வாங்கினு போனேன்."

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறந்ததாக வைத்துக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அடியில் மசி வாசனை. பலகை இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். அதில் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ, ஒரு சாக்ஸ் மட்டும் கணுக்காலுக்குச் சரிந்திருக்கும். மேலே ஒரு குரல். வேறு எவருக்கும் கேட்காத குரல். எனக்குக் கேட்கும், எப்போதுமே கேட்டிருக்கிறது. 'அவ இல்லியா?' நான் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன். சங்கு என்றதும் கஸ்தூரியை விட்டுவிட்டு ஸ்டெல்லா வீட்டுக்கு ஓடினேனே, அதற்குக்கூட இதுதான் காரணமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

"எனக்குக் கேட்டுச்சி கஸ்தூரி" என்றேன்.

"தெரியும். உன் ரிப்பன் வெளிய நீட்டினு இருந்துச்சி."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும். கடைசி நாளு கொஞ்சம் ஆடிச்சி. எழுந்துருவேன்னு நெனச்சேன்."

புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அவள் ஒரு கை இலையை என் பக்கம் தள்ளினாள். நானும் பரப்ப ஆரம்பித்தேன். எங்கே நசுக்கிவிடுவேனோ என்று பயந்து பயந்து பரப்பினேன். வயலிலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "ஊட்டா மாடி ஹோகி", சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். சாப்பிடாமல் எப்படிப் போவது என்று களியும் கீரைச்சாறும் சாப்பிட்டேன்.

புறப்படும்போது கஸ்தூரி ஒரு பேனாவைக் கொண்டுவந்து நீலப் பக்கத்தின் மேல் வைத்தாள். எழுதிக் கொடு என்று சொல்லக்கூட இல்லை. பேனாவை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்பது பேர் எழுதிய நட்பும் நினைவும் வாழ்த்தும் போக எனக்கு என்ன சொல் மிச்சம்? அப்போது எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. உடனே எழுத வராதவர்கள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரு நாள் தங்கல் என்போம். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "தங்கலுக்கு எடுத்துனு போறேன்" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

அது நடந்து இரண்டு மாசம் ஆகிறது. புத்தகம் கடையில், என் இருக்கைக்குப் பக்கத்து இழுப்பறையில் இருக்கிறது. பழைய பில்லின் பின்பக்கத்தில் எத்தனையோ எழுதிப் பார்த்துவிட்டேன். எழுதிவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற கவலையும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

ஆட்டோகிராப் புத்தகம் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. கடைசி நாளில் பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொள்கிறார்கள். அம்மாக்கள் அதைத் துவைத்துவிடுகிறார்கள். மேல் தட்டில் ஒரு பெட்டி விற்காமல் கிடக்கிறது. இன்னா போடட்டும் என்று கேட்க அப்பா இல்லை. மேஜையை மாற்றிக் கண்ணாடி வைத்தாயிற்று. ஒளிய நினைத்தாலும் இடமில்லை. சுரங்கம் மூடி, டோக்கன் பலகை எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ. 10 பி இருந்த அறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் சுரங்கத்துச் சங்கு ஊதினால் அது முடியும் வரை பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படிப் பாதி வார்த்தையில் நின்றிருப்போம். அதுவும் ஓய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்தூரி போன் செய்கிறாள். நான் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்துகிறேன். கடைத்தெரு அடங்கிக் கிடக்கிறது. போனில் முதலில் அந்தத் தூறல் சத்தம் வருகிறது, அதன் மேலே அவள் குரல். 'எழுதிட்டியா?' பக்கத்தில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, நன்றாகவே கேட்கிறது.

நாளைக்கு என்கிறேன்.